புதிய ஹெச்எல்ஏ அலீல் கிடைத்தால் என்ன செய்வது? ரத்தம் எடுப்பதிலிருந்து அதிகாரப்பூர்வப் பெயர் வரை

ஹெச்எல்ஏ டைப்பிங், அதாவது திசுப் பொருத்தம் பார்க்க ஒருவரின் ஹெச்எல்ஏ மரபணு வகைகளைக் கண்டறியும் பரிசோதனை செய்யும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் கையில் என்றாவது ஒரு நாள் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்து சேரும்: 'ஏ*24' என்று அலீலின் (மரபணுவின் ஒரு வடிவம்) குழு எண் இருக்கும், அடுத்த எண் இருக்க வேண்டிய இடத்தில் 'நியூ' என்று இருக்கும். தரவுத்தளத்தில் உள்ள எந்த வரிசையோடும் இந்த நபரின் மரபணு வரிசை முழுதாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். பெரும்பாலான இடங்களில் அதை அப்படியே கோப்பில் வைத்து மூடிவிடுகிறார்கள். அடுத்து யாரிடம் போவது, என்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. பல இடங்களில் முட்டி மோதித்தான் வழி தெரிந்தது.

ஹெச்எல்ஏ மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கின்றன. உடலுக்குள் வந்த அந்நியப் புரதத்தின் துண்டுகளை டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களுக்கு எடுத்துக் காட்டும் மூலக்கூறுகளை இவைதான் உருவாக்குகின்றன. இதுவரை பெயரிடப்பட்ட அலீல்கள் 40,000-க்கும் மேல். ஆனால் அவற்றில் பெரும்பங்கு ஐரோப்பிய, அமெரிக்கக் கொடையாளர் பதிவேடுகளின் வழியாக வந்தவை. நம் நாட்டில் எலும்பு மஜ்ஜைக் கொடையாளரைத் தேடும் ஒரு குழந்தையின் அலீல் தரவுத்தளத்திலேயே இல்லையென்றால், பொருத்தம் பார்க்கும் வேலை முதல் படியிலேயே தடுமாறும். 'நியூ' என்ற அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் ஆய்வக மேசையில் தவறிப்போகும் அலீல்களைவிட, சம்மதப் படிவம் சரியில்லாததாலும் டிஎன்ஏ தீர்ந்துபோனதாலும் தவறிப்போகும் அலீல்கள்தான் அதிகம். அதனால் கீழே உள்ள முதல் இரண்டு படிகளை அவசரப்படாமல் படியுங்கள்.

1. எதிக்ஸ் கமிட்டி அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்

சிகிச்சைக்காக டைப்பிங் செய்வது வேறு. அதே டிஎன்ஏவை மேலும் படித்து வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுவது வேறு. இதில் இரண்டாவதுதான் ஆய்வு என்ற கணக்கில் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல் இதற்குப் பொருந்தும். உங்கள் நிறுவனத்தின் எதிக்ஸ் கமிட்டி, சுகாதார ஆராய்ச்சித் துறையின் 'நைதிக்' தளத்தில் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். மருந்துச் சோதனைக்கு மட்டும் பதிவு வைத்துக்கொண்டு, மற்ற ஆய்வுகளுக்கான பதிவு இல்லாத கமிட்டிகளும் உண்டு.

தயார் செய்ய வேண்டியவை: ஆய்வுத் திட்டம், ஐசிஎம்ஆரின் பொது விண்ணப்பப் படிவம், ஆங்கிலத்திலும் தமிழிலும் தகவல் தாள், சம்மதப் படிவம், ஆய்வாளர்களின் தன்விவரம், செலவுத் திட்டம், துறைத் தலைவரின் கடிதம். தமிழ்ப் படிவத்தை மொழிபெயர்த்தவரின் சான்றையும் சில கமிட்டிகள் கேட்கும்.

சம்மதப் படிவத்தில் கீழ்க்கண்டவை தனித்தனி வரிகளாக, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று குறிக்கும்படி இருக்கட்டும். டிஎன்ஏவைச் சேமித்து வைக்கலாமா? பெயர் நீக்கிய வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் வெளியிடலாமா? வேறு ஆய்வகத்துக்கு அனுப்பலாமா? மறுபடி ரத்தம் தேவைப்பட்டால் தொடர்பு கொள்ளலாமா? பெற்றோர், உடன்பிறந்தாரிடம் சாம்பிள் கேட்கலாமா? கடைசி இரண்டையும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புதிய அலீல் தென்பட்ட பிறகு குடும்பத்தாரின் ரத்தம் தேவைப்படும்போதுதான் அவற்றின் அருமை தெரியும். அப்போது திட்டத்தைத் திருத்தி மறுபடி கமிட்டிக்குப் போனால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் போய்விடும்.

குழந்தைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் மட்டும் போதாது. 7 முதல் 12 வயது வரை குழந்தையிடம் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவும் வாங்க வேண்டும்.

ஏற்கெனவே எஞ்சியிருக்கும், அடையாளம் நீக்கப்பட்ட சாம்பிள்களை வைத்துச் செய்வதாக இருந்தால் விரைவுப் பரிசீலனையும் சம்மத விலக்கும் கேட்கலாம். ஆனால் அடையாளத்தை முழுதாக நீக்கிவிட்டால் அந்த நபரிடம் திரும்பிப் போக முடியாது என்பதையும் யோசியுங்கள். குறியீட்டு எண் கொடுத்து, அதற்கான திறவுகோலைப் பொறுப்பாளர் ஒருவரிடம் பூட்டி வைப்பதுதான் இந்த வேலைக்கு ஏற்றது.

காலம்: பல கமிட்டிகள் மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ கூடும். காகிதங்களைக் கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். ஒரு சுற்றாவது கேள்வி வரும். மூன்று, நான்கு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொந்த நிறுவன மாணவர்களுக்குப் பொதுவாகக் கட்டணம் இருக்காது. வெளி நிதியில் நடக்கும் திட்டம் என்றால் கட்டணம் கேட்பார்கள்.

வெளிநாட்டு ஆய்வகத்தோடு கூட்டாகச் செய்கிறீர்கள் என்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவான ஹெச்எம்எஸ்சியின் ஒப்புதல் தேவை. சாம்பிள் அனுப்ப எம்டிஏ என்கிற பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும். இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். உள்நாட்டிலேயே முடிக்க வழி இருந்தால் அப்படியே முடிப்பது நல்லது.

2. ரத்தம் எடுக்கும்போதே மறுபரிசோதனையை நினைத்து எடுங்கள்

இடிடிஏ குழாயில், அதாவது ஊதா மூடிக் குழாயில், 3 முதல் 5 மில்லி எடுங்கள். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைக் கெடுக்கும். ஒரு மில்லி ரத்தத்திலிருந்து பொதுவாக 20 முதல் 40 மைக்ரோகிராம் டிஎன்ஏ கிடைக்கும். ஆனால் வழக்கமான கிட்டில் 200 மைக்ரோலிட்டர் மட்டும் போட்டுப் பிரித்தால் சில மைக்ரோகிராம்தான் வரும். மிச்ச ரத்தத்தைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டாவது குழாயில் பிரித்து உறைநிலையில் வையுங்கள். பின்னால் எல்லாமே அதை நம்பித்தான் இருக்கும்.

யாருடைய ரத்தம் என்பது அளவைவிட முக்கியம்.

ரத்தப் புற்றுநோயாளியின் ரத்தத்தில் கிடைத்த 'புதிய' அலீலை உடனே நம்ப வேண்டாம். புற்றுச் செல்களில் ஏற்பட்ட பிறழ்வு பிறவியிலேயே வந்த அலீல் மாதிரி தெரியும். 6-ஆம் குரோமோசோமின் ஒரு பக்கமே அந்தச் செல்களில் காணாமல் போயிருந்தால், உண்மையில் இருக்கும் அலீல்கூடத் தெரியாமல் போகலாம். இப்படிப்பட்டவர்களுக்கு நோய் தணிந்த நிலையில் எடுத்த ரத்தம், கன்ன உட்புறச் சுரண்டல் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். எல்லாவற்றையும்விட நம்பகமானது பெற்றோர் சாம்பிள்.

மஜ்ஜை மாற்றம் ஏற்கெனவே நடந்திருந்தால் ரத்தம் கொடையாளருடையது. கன்னச் சுரண்டலிலும் கொடையாளரின் வெள்ளணுக்கள் கலந்திருக்கும். நகம் அல்லது முடி வேரிலிருந்து டிஎன்ஏ எடுங்கள். அண்மையில் ரத்தம் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் படிவத்தில் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மக்கள் பிரிவில் என்னென்ன அலீல்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால் உறவில்லாத ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊரில் இது சொல்வது போல எளிதல்ல. மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் தலைமுறைகளாக நடந்திருக்கும். மூன்று தலைமுறை வரை, பிறந்த ஊரும் பெண் எடுத்த ஊரும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வேண்டும்? ஒரு கணக்கு (ஒவ்வொருவரிடமும் மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு): நூறு பிரதிகளில் ஒன்று என்ற அளவில் இருக்கும் அலீல், 50 பேரைப் பரிசோதித்தால் கண்ணில் படாமலே போக 37 சதவீத வாய்ப்பு உண்டு. 150 பேரைப் பரிசோதித்தால் அது ஏறத்தாழ 5 சதவீதமாகக் குறைகிறது. அதனால் 150-க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

3. சீக்வென்சிங் முறையும் கொட்டேஷனும்

எஸ்எஸ்பி, எஸ்எஸ்ஓ என்ற டைப்பிங் முறைகள் ஏற்கெனவே தெரிந்த அலீல்களைத்தான் தேடும்; புதியதைக் காட்டாது. மிஞ்சினால், எதிர்வினை வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பும். டிஎன்ஏ வரிசையை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங் முறைகளில் சாங்கர் மலிவு. ஒரு ரியாக்‌ஷனுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். ஆனால் இரண்டு அலீல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கப்படுவதால், மாற்றம் எந்த அலீலில் இருக்கிறது என்று தெரியாது. டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் ஷார்ட் ரீட் முறையில் அந்தச் சிக்கல் குறையும், தீராது. மரபணு முழுவதையும் ஒரே ரீடில் (கருவி ஒரே மூச்சில் படிக்கும் துண்டு) படித்துவிடும் லாங் ரீட்தான் இந்த வேலைக்குச் சரி. ஹெச்எல்ஏ-ஏ, பி, சி மரபணுக்கள் சுமார் 3,000 முதல் 4,000 எழுத்து நீளம்தான் என்பதால் வசதியாக அடங்கும். டிஆர்பி1 என்ற இன்னொரு ஹெச்எல்ஏ மரபணு பத்தாயிரத்தைத் தாண்டும், இன்ட்ரானில் (புரதக் குறிப்பு இல்லாத இடைப்பகுதி) திரும்பத் திரும்ப வரும் பகுதிகளும் உண்டு. அதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும்.

முழு ஜீனோம் ஷார்ட் ரீட் தரவு ஏற்கெனவே கையில் இருந்தால் ஹெச்எல்ஏ-ஹெச்டி, ஆப்டிடைப் போன்ற இலவச மென்பொருள்களில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் தெரிந்த அலீல்களில் எது நெருக்கமானது என்று சொல்வதுதான் அவற்றின் வேலை. அந்த முடிவை மட்டும் வைத்துப் புதிய அலீல் என்று சொல்ல முடியாது.

செலவைக் குறைக்க ஒரே வழி, சாம்பிள்களைச் சேர்த்து ஓட்டுவது. ஒற்றைச் சாம்பிளுக்கு லாங் ரீட் ஓட்டினால் கருவியில் போடும் ஃப்ளோ செல்லின் முழு விலையும் உங்கள் தலையில் விழும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் அடையாள வரிசையான பார்கோடு போட்டுப் பல சாம்பிள்களை ஒன்றாக ஏற்றினால் அதுவே பங்காகிவிடும். அக்கம்பக்கத்து ஆய்வகங்களோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே கொடுத்துச் செய்கிறீர்களா? கொட்டேஷனிலேயே இவற்றை எழுதி வாங்குங்கள்: மூல ரீட் கோப்புகள் அனைத்தும் தர வேண்டும் (சாங்கர் என்றால் ஏபி1 கோப்பு, மற்றவற்றுக்கு ஃபாஸ்ட்கியூ), எந்தத் தரவுத்தளப் பதிப்போடு ஒப்பிட்டார்கள் என்று ரிப்போர்ட்டில் குறிப்பிட வேண்டும், மிச்ச டிஎன்ஏவைத் திருப்பித் தர வேண்டும். ஒரு நிறுவனம் எங்களுக்கு முடிவுத் தாளை மட்டும் அனுப்பிவிட்டு, மூலக் கோப்புகளுக்குத் தனிக் கட்டணம் கேட்டது. நீண்ட மின்னஞ்சல் சண்டைக்குப் பிறகுதான் வந்தன. கொட்டேஷனில் ஜிஎஸ்டி, கூரியர், உலர்பனிச் செலவு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன ஆர்டர்களில் சாங்கர் ரியாக்‌ஷனைவிடக் கூரியருக்கு அதிகம் போகும்.

4. உண்மையிலேயே புதியதுதானா?

'நியூ' என்று மென்பொருள் சொல்பவற்றில் கணிசமானவை புதியவை அல்ல. கீழே உள்ளவற்றை வரிசையாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

முதல் சந்தேகம் தரவுத்தளப் பதிப்பு. பெயரிடப்பட்ட அலீல்களின் வரிசைகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஐபிடி-ஐஎம்ஜிடி/ஹெச்எல்ஏ தரவுத்தளம் (சுருக்கமாக ஐபிடி) ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுப்பிக்கப்படுகிறது. உங்கள் மென்பொருள் ஓராண்டு பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்தத் தளத்திலேயே இருக்கும் பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டு வசதியில் உங்கள் வரிசையை ஒட்டிப் பாருங்கள். காசு செலவில்லை, சில நிமிட வேலைதான். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, முழுமையில்லாத வரிசைகள். பழைய அலீல்கள் பலவற்றுக்கு எக்சான் (புரதக் குறிப்பு உள்ள பகுதி) 2, 3 மட்டுமே தரவுத்தளத்தில் இருக்கின்றன. உங்கள் நபரின் எக்சான் 4-இல் வித்தியாசம் தெரிந்து, ஒப்பிடப்பட்ட அலீலுக்கு எக்சான் 4-இன் வரிசையே பதிவாகாமல் இருந்தால், உங்களிடம் இருப்பது அந்தப் பழைய அலீலின் விடுபட்ட பகுதியாக இருக்கலாம். அப்படியானால் அதையும் சமர்ப்பிக்கலாம், நீட்டிப்பாக ஏற்பார்கள். ஆனால் புதிய பெயர் கிடைக்காது.

மூன்றாவது, தவறான மரபணு. ஹெச்எல்ஏ-ஏ-க்குப் போட்ட ப்ரைமர் (பிசிஆரைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு), செயல்படாத போலி மரபணுவான ஹெச்எல்ஏ-ஹெச்-ஐயும் பெருக்கிவிடலாம். டிஆர்பி1-க்குப் போட்டது டிஆர்பி3, 4, 5-இல் போய் ஒட்டிக்கொள்ளலாம். மாற்றங்கள் ஒன்றிரண்டாக இல்லாமல் கொத்தாக இருந்தால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

நான்காவதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது: பிசிஆர் கலப்பு. பாதியில் நின்ற ஒரு துண்டு, அடுத்த சுற்றில் மற்ற அலீலின் மேல் ஒட்டி வளர்ந்து, முன்பாதி ஒரு அலீல், பின்பாதி இன்னொரு அலீல் என்று ஒரு போலி வரிசை உருவாகும். பார்ப்பதற்கு அருமையான புதிய அலீல் போலவே இருக்கும். அதே நபரின் இரண்டு அலீல்களையும் பக்கத்தில் வைத்து, உங்கள் வரிசை அவற்றின் ஒட்டுதானா என்று பாருங்கள். சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நீட்டிப்பு நேரத்தைக் கூட்டினால் இது குறையும்.

ஐந்தாவது, ரீட் விகிதம். இரண்டு அலீல்கள் இருப்பவரிடம் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழப் பாதி ரீட்கள் வர வேண்டும். உங்கள் மாற்றம் பத்துப் பதினைந்து சதவீத ரீட்களில் மட்டும் இருந்தால் அது அலீல் அல்ல. நானோபோர் என்ற லாங் ரீட் கருவியின் தரவில் ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் ஓர் எழுத்து கூடவோ குறையவோ தெரிந்தால் கருவியின் பிழையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஒரே அலீல்தான் வருகிறது, ஹோமோசைகஸ் என்று மென்பொருள் சொன்னால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். ப்ரைமர் ஒட்டும் இடத்திலேயே மாற்றம் இருந்தால் அந்த அலீல் பெருகாமல் விட்டுப்போகும். சொந்தத்துக்குள்ளேயே திருமணம் நடக்கும் பிரிவுகளில் உண்மையான ஹோமோசைகஸும் அதிகம் என்பதால், இரண்டையும் பிரித்தறிய வேறு ப்ரைமரில் ஒருமுறை ஓட்டுவது நல்லது. விட்டுப்போன அந்த அலீலே புதியதாக இருக்கலாம்.

எக்சான் 2, 3-ஐ மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்வதில் ஆபத்து உண்டு. ஏ*24:09என் அலீலில் எக்சான் 4-இல் புரதத்தைப் பாதியில் நிறுத்தும் ஸ்டாப் கோடான் வருவதால் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வருவதில்லை. எக்சான் 2, 3 மட்டும் படித்த ஆய்வகத்துக்கு அது சாதாரண ஏ*24:02 போலவே தெரியும். மாற்று அறுவையில் இது விளையாட்டல்ல.

5. மறுபடி செய்து உறுதிப்படுத்துங்கள்

அதே நபரின் சேமித்த ரத்தத்திலிருந்து புதிதாக டிஎன்ஏ பிரித்து, தனியாகப் பிசிஆர் செய்து, வேறொரு முறையில் படியுங்கள். லாங் ரீடில் கண்டதைச் சாங்கரில் இரு திசையிலும் படித்துச் சரிபார்ப்பது மலிவான வழி. ப்ரைமர் ஒட்டிய பகுதியின் வரிசை உங்கள் ப்ரைமரின் வரிசைதான், அந்த நபருடையது அல்ல. அதைச் சமர்ப்பிப்பில் சேர்க்கக் கூடாது. குளோனிங் செய்திருந்தால் ஒரு குளோனை நம்பாமல் பலவற்றைப் படிக்க வேண்டும்.

பெற்றோரில் ஒருவரிடமோ உடன்பிறந்தாரிடமோ அதே அலீல் இருந்தால் அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஹாப்லோடைப்பும் (ஒரே குரோமோசோமில் சேர்ந்து வரும் அலீல்களின் தொகுப்பு) கூடவே தெரிந்துவிடும்.

6. ஜென்பேங்க் அணுகல் எண்

ஐபிடிக்குப் போகும் முன் ஜென்பேங்க், ஈஎன்ஏ, டிடிபிஜே என்ற பொது வரிசைத் தரவுத்தளங்கள் மூன்றில் ஒன்றில் வரிசையை ஏற்றி எண் வாங்க வேண்டும். ஜென்பேங்கின் பேங்கிட் படிவம் புதியவர்களுக்கு எளிது. கட்டணம் இல்லை. எண் பெரும்பாலும் இரண்டு வேலை நாளில் வந்துவிடும். எக்சான், இன்ட்ரான் எல்லைகளைச் சரியாகக் குறிக்காவிட்டால்தான் திருப்பி அனுப்புவார்கள். வெளியீட்டுத் தேதியைத் தள்ளி வைக்கும் வசதி உண்டு. கட்டுரை எழுத நேரம் வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நிறைய அலீல்கள் இருந்தால், ஜெர்மனியின் டிகேஎம்எஸ் ஆய்வகம் உருவாக்கிய டைப்லோடர் என்ற இலவச மென்பொருள் ஈஎன்ஏ, ஐபிடி இரண்டுக்கும் கோப்புகளைத் தயாரித்துத் தரும்.

7. ஐபிடியில் சமர்ப்பித்தல்

தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். இதுவும் இலவசம். கேட்கப்படுபவை: வரிசை, அணுகல் எண், எந்த முறையில் எப்படிப் படித்தீர்கள், எந்த அலீலோடு நெருக்கம், அந்த நபரின் மற்ற ஹெச்எல்ஏ மரபணு இடங்களின் டைப்பிங், இனப் பின்னணி, டிஎன்ஏ எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரே தாளில் முன்பே எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு நீள வரிசை வேண்டும் என்ற விதி காலப்போக்கில் இறுகிக்கொண்டே வருகிறது. சமர்ப்பிக்கும் நாளில் தளத்தில் இருக்கும் விதியைப் படியுங்கள், சீனியர் சொன்னதை வைத்துப் போகாதீர்கள்.

இனப் பின்னணிக் கட்டத்தில் நிதானம் தேவை. சாதிப் பெயர், ஊர்ப் பெயர், நோயின் பெயர் மூன்றையும் எழுதினால் சிறிய சமூகத்தில் அது யார் என்று பக்கத்து வீட்டார்கூடச் சொல்லிவிடுவார்கள். ஒரு சமூகத்தின் பெயரோடு ஒரு மரபணு மாற்றத்தை ஒட்டிவிட்டால் அது பெண் பார்க்கும் இடம் வரை போகும். 'தெற்காசியர், தென்னிந்தியா' என்ற அளவே போதும். அதற்கு மேல் எழுதுவதானால் சம்மதப் படிவத்தில் அதற்கெனத் தனி அனுமதி இருக்க வேண்டும்.

பெயரை முடிவு செய்வது உலக சுகாதார நிறுவனத்தின் ஹெச்எல்ஏ பெயரிடல் குழு. பெயரைப் பார்த்தே மாற்றத்தின் தன்மை தெரியும்: புரதம் மாறினால் இரண்டாம் எண் புதிது, புரதம் மாறாத எக்சான் மாற்றம் என்றால் மூன்றாம் எண், இன்ட்ரானிலோ ஓரப் பகுதியிலோ என்றால் நான்காம் எண். பெயர் வரச் சில வாரங்கள் ஆகும், கேள்வி கேட்டால் இன்னும் நீளும். வெளியீட்டு மாதம் நெருங்கும் கடைசி வாரத்தில் அனுப்பினால் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போகலாம் என்பதால் முன்கூட்டியே அனுப்புங்கள்.

8. பெயர் வந்த பிறகு

'ஹெச்எல்ஏ' என்ற இதழ் புதிய அலீல்களைச் சிறு குறிப்பாக வெளியிடுகிறது. ஒரு பக்கம் எழுதினால் போதும். திறந்த அணுகலைத் தேர்ந்தெடுத்தால்தான் கட்டணம், இல்லையென்றால் செலவில்லை. பெயர் அதிகாரப்பூர்வமாக வழங்கப்பட்டது என்று சொல்லும் வழக்கமான வாசகத்தையும் அது வந்த மாதத்தையும் சேர்க்க மறக்காதீர்கள். மக்கள் பிரிவு ஆய்வு என்றால் அலீல் விகிதங்களைத் தனியாக அலீல் ஃப்ரீக்வென்சி நெட் தரவுத்தளத்துக்கு அனுப்பலாம்.

சிகிச்சையில் இருக்கும் நோயாளி என்றால் இதழையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். பெயர் வந்த அன்றே திருத்திய டைப்பிங் ரிப்போர்ட்டை, பழைய ரிப்போர்ட் எண்ணையும் தரவுத்தளப் பதிப்பையும் குறிப்பிட்டு, சிகிச்சை தரும் மருத்துவருக்கு அனுப்புங்கள். கொடையாளர் என்றால் அவர் பதிவு செய்திருக்கும் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். பெயர் தளத்தில் ஏறினாலும் பதிவேட்டின் கணினியில் 'நியூ' தானாக மாறிவிடாது. புதிய தரவுத்தளப் பதிப்பு அவர்கள் மென்பொருளில் ஏறும்வரை மாற்ற முடியாது என்பார்கள். அந்தக் காலாண்டு முடிந்ததும் மறுபடி அழைத்து, மாற்றினார்களா என்று கேளுங்கள்.